அண்ணன் காருக்கு ஆவி பிடித்தது

ஸ்டீம் கிளீனர் வாங்கச் சொல்லி எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. வீட்டில் தூசியைக் குறையுங்கள், வாசனை போட்ட கழுவும் மருந்துகளை நிறுத்துங்கள், இளைப்பு தானாகக் குறையும் என்றுதான் இளைப்புக்குப் பார்த்த டாக்டர் சொன்னார். மீதியை நானே முடிவு செய்துகொண்டேன். விவாகரத்துக்குப் பிறகு புக்கிட் பாத்தோக்கில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தேன். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. பகலெல்லாம் மற்றவர்களை உட்காருங்கள், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் என்னால் உட்கார முடியாது. எதையாவது துடைக்க வேண்டும், எதையாவது நகர்த்த வேண்டும். அண்ணனும் அண்ணியும் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருந்தார்கள். தங்கை கல்யாணமாகி உட்லண்ட்ஸில் இருந்தாள். எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மின்சாமான் கடையில் அந்த இயந்திரத்தைப் பார்த்தேன். கெண்டி மாதிரி ஒரு மூக்கு, ஒரு குழாய், சக்கரம் வைத்த உடம்பு. கடையில் நின்றவர் ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது. பேச்சிலேயே மதுரை தெரிந்தது.

"அக்கா, மருந்து வேணாம், பவுடர் வேணாம். வெறும் தண்ணிதான். பாருங்க," என்று கடைத் தரையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். சாம்பல் நிறத் தரையில் வெள்ளையாக ஒரு பட்டை விழுந்தது. தரையின் உண்மையான நிறமே வெள்ளைதான் என்று அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்போல. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் வாங்கிவிட்டேன்.

முதல் சில வாரங்கள் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான். சமையலறை ஓடுகளுக்கு இடையே இருந்த கறுப்புக் கோடுகள், கழிவறை மூலைகள், சன்னல் ஓடும் தண்டவாளங்கள், அடுப்பின் அடிப்பக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. புஸ்ஸென்று ஆவி அடித்ததும் அழுக்கு இளகி ஓடும், துணியால் ஒரு இழுப்பு. அந்த நிமிடத்துக்கு மனசு அடங்கும். துணியைப் பிழிந்ததும் மறுபடி அடுத்த மூலையைத் தேடும்.

படுக்கையறைத் தரையில் மரம் மாதிரி தெரியும் ஒட்டுப் பலகை போட்டிருந்தேன். அதன்மேலும் அடித்தேன். மறுநாள் பார்த்தால் பலகைகளின் ஓரமெல்லாம் டீயில் நனைத்த பிஸ்கட்போல உப்பி நின்றன. வரவேற்பறைக் கம்பளத்தைத் தூசி உறிஞ்சாமலே ஆவியில் குளிப்பாட்டினேன். இந்த ஊர் ஈரத்தில் அது காயவே இல்லை. வீடு முழுக்க நனைந்த நாய் வாடை அடித்தது. அதற்குப் பிறகுதான் விளக்கப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். முதலில் உறிஞ்சி எடு, மூக்கில் துணி சுற்று, ஒரே இடத்தில் நிற்காதே, முடிந்ததும் காற்றாடியைப் போட்டுக் காயவிடு.

அண்ணன் வந்து தரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சளி புடிச்சா மனுசனுக்கு ஆவி புடிப்பாங்க. நீ வீட்டுக்கே புடிச்சிருக்க."

ஆனால் அதற்கடுத்த மாதம் அவரே தேடி வந்தார். மழைக்காலத்தில் காருக்குள் பூஞ்சை வாடை வருகிறதாம். கார் விற்கிற விலைக்கு, இந்த ஊரில் கார் என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்று சொல்ல வேண்டியதில்லை. என் அண்ணனுக்கு அது அதற்கும் மேலே. ஏறுவதற்கு முன்னால் செருப்பைத் தட்டிவிட்டு ஏற வேண்டும். உள்ளே தண்ணீர் தவிர எதையும் குடிக்கக் கூடாது. இருக்கைத் துணி பால்கோவா நிறம். "இந்தக் கலர யாராச்சும் வாங்குவாங்களா?" என்று அண்ணி இன்றைக்கும் கேட்பார்.

வீட்டுக் கார்நிறுத்தத்தில் மின்சாரம் கிடைக்காது. அதனால் புக்கிட் பாத்தோக் தொழிற்பேட்டையில் அண்ணனுக்குத் தெரிந்த ஒரு சீன அங்கிளின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். நான் வேலை செய்யச் செய்ய அண்ணன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"ஸ்கிரீன் பக்கம் போகாத. ஸ்பீக்கருக்குள்ள தண்ணி போயிரும். அங்க துணி போட்டுத் தொட."

"நீங்களே பண்றீங்களா?"

"இல்ல இல்ல, நீ பண்ணு. நான் சும்மா பாக்குறேன்."

முடிந்து கதவுகளைத் திறந்து காயவைத்த பிறகு, இருக்கையை உள்ளங்கையால் அழுத்தி, கையை மோந்து பார்த்தார். "பரவால்ல லா," என்றார். அவர் வாயிலிருந்து வருகிற அதிகபட்சப் பாராட்டு அது. அதற்குப் பிறகு எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எனக்கு ஓட்டக் கொடுக்க ஆரம்பித்தார்.

அப்படிக் கொடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது. தங்கைக்கு எட்டாம் மாதம் முடியும் சமயம். அடுத்த வாரம் வளைகாப்பு. கண்ணாடி வளையல் தானே பார்த்து வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் கணவர் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய்வருவார். அங்கே அப்போது ஞாயிறு வேலை நாள். அதனால் நான்தான் அவளை அழைத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்கு வந்தேன்.

வளையல் வாங்கியாயிற்று. பூவுக்குச் சொல்லியாயிற்று. பஃப்ளோ ரோட்டுப் பக்கமிருந்து வண்டியை எடுத்து வெளியே வருவதற்குள் சாயங்காலக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் அங்கே கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். தொழிலாளர் தங்குவிடுதிகளிலிருந்து வந்த தம்பிமார்களும் அண்ணன்மார்களும் நடைபாதை கொள்ளாமல் ரோட்டில் நடப்பார்கள். வண்டி அவர்களுக்கு நடுவே ஊர்ந்துதான் போக வேண்டும்.

தங்கை பேசிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்தினாள்.

"அக்கா, என்னமோ மாதிரி இருக்கு."

"வலிக்குதா?"

"வலி இல்ல. ஈரமா இருக்கு."

பனிக்குடம் உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்திருந்தாள். வெளியே எடுத்தபோது கை இரண்டும் சிவப்பாக இருந்தன. கையைப் பார்த்துவிட்டு அவள் முதலில் சொன்ன வார்த்தை, "ஐயோ, அண்ணன் சீட்டு!"

மருத்துவமனைக் கட்டடம் அங்கிருந்தே தெரிகிறது. நடந்தால்கூடப் போய்விடலாம் என்ற தூரம். ஆனால் வண்டி நகரவில்லை. முன்னால் ஒரு காய்கறி லாரி, அதற்கு முன்னால் ஒரு பேருந்து, சுற்றிலும் மனிதர்கள். நான் ஹாரனை அழுத்தினேன். சிலர் முறைத்தார்கள், ஒருவரும் விலகவில்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே சன்னலை இறக்கிக் கத்தினேன்.

"அண்ணே! தங்கச்சிக்கு ரத்தம் போகுதுண்ணே! ஆஸ்பத்திரி போகணும்!"

கையில் கீரைக்கட்டு வைத்திருந்த ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். நீல டீசட்டை, என் வயதுதான் இருக்கும். முகம் மாறிவிட்டது. நிமிர்ந்து திரும்பினார்.

"டேய், பிள்ளத்தாச்சிடா! வழிய விடுங்கடா! ஏ, லாரிய ஓரங்கட்டச் சொல்லு!"

அவரோடு வந்தவர்கள் அத்தனை பேரும் ரோட்டில் இறங்கினார்கள். இரண்டு பேர் லாரியின் கதவைத் தட்டி ஓரம்கட்ட வைத்தார்கள். ஒருவர் எதிர்ப்பக்கம் வரும் வண்டிகளுக்கு இரண்டு கையையும் விரித்து நின்றார். நீல டீசட்டைக்காரர் என் காருக்கு முன்னால் கீரைக்கட்டை ஆட்டிக்கொண்டே ஓடினார். "வழி, வழி, வழி" என்று அவர் கத்தியது கண்ணாடி ஏற்றிய பிறகும் கேட்டது. சிக்னலைத் தாண்டியதும் கையை அசைத்து, போங்கள் போங்கள் என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களில் ஒருவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. பிறகு எத்தனையோ ஞாயிறு அந்தப் பக்கம் போயிருக்கிறேன். எந்த முகம் அது என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனை வாசலில் தள்ளுபடுக்கையில் ஏற்றும்போது தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட ரத்தம்னு சொல்லாதக்கா. பைக்க வேகமா ஓட்டிட்டு வருவார்."

அதனால் அவள் கணவரிடம் போனில் பொய் சொன்னேன். "பனிக்குடம் ஒடஞ்சிருச்சு, அவ்வளவுதான். பயப்படாதீங்க. மெதுவா வாங்க," என்றேன். என் குரல் எப்படி அவ்வளவு நிதானமாக வந்தது என்று தெரியவில்லை. பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் அசையாமல் நிற்கின்றன என்று அங்கிருந்து செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு செய்திக்கும், "பரவாயில்லை, மெதுவா வாங்க" என்றே பதில் போட்டேன். உள்ளே அறுவை அறையில் அவளுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் எம்ஆர்டி ரயிலில் வந்து சேர்ந்தார். காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரத்தம் பட்டிருந்த என் உடையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அந்தக் கைக்குட்டையை வைத்து நான் எதைத் துடைக்கலாம் என்று அவர் நினைத்தாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

டாக்டர் வெளியே வந்து, பெண் குழந்தை, சிறியது, மூச்சுக்கு உதவி தேவைப்படுகிறது, தனிப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்றார். தாயைப் பற்றிக் கேட்டோம். இன்னும் வேலை நடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தங்கையின் கணவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"மெதுவா வாங்கன்னு சொன்னீங்களேக்கா."

என்னால் அந்த நடைபாதையில் நிற்க முடியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். காத்திருப்பவர்கள் எல்லாரும் என் காய்ந்த ரத்தக்கறையைப் பார்த்துக் காலை மடக்கிக்கொண்டார்கள். அண்ணன் என்னைத் தனியாக அழைத்து, "நீ வீட்டுக்குப் போ. குளிச்சிட்டு வா. இப்படியே நடந்துகிட்டு இருந்தா மாப்ளைக்கும் பயமா இருக்கும்," என்றார்.

காரில் ஏறினேன். பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் வீடுவரை ஓட்டினேன். குளித்தேன். உடனே மருத்துவமனைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கீழே இறங்கி வந்து காரைத் திறந்ததும் அந்த வாடை வந்தது, இரும்பு வாடை. மறுபடி மேலே போய் ஸ்டீம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். யாரையும் கேட்கவில்லை. நேரே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டினேன்.

அங்கிள் ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் இருப்பார். வீட்டில் இருந்தால் மனைவியோடு சண்டை வருமாம். இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆக்சிடென்ட்?"

"சிஸ்டர். பேபி."

"பேபி ஓகே?"

"ஸ்மால். சிஸ்டர் டோன்ட் நோ யெட்."

அவர் ரேடியோவை நிறுத்தினார். மின்கம்பியை இழுத்துக் கொடுத்தார். பெரிய காற்றாடியைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, தன் மேசைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் நிரப்பினேன். விளக்கு எரிந்தது. உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பால்கோவா நிற இருக்கையில் பெரிதாக ஒரு வட்டம். ஓரம் காய்ந்து பழுப்பாகவும் நடுவில் இன்னும் ஈரமாகவும் இருந்தது. கீழே கால் வைக்கும் இடத்துக் கம்பளத்திலும் வழிந்திருந்தது. இருக்கைக்கு அடியில் வளையல் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. இயந்திரத்தின் மூக்கில் துணியைச் சுற்றி, கறைக்கு நேராக நீட்டி, விசையில் விரலை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. ரத்தத்தில் சூடு படக் கூடாது. எந்தப் பெண்ணுக்கு இது தெரியாது? பதின்மூன்று வயதிலிருந்து பச்சைத் தண்ணீரில் அலசிப் பழகிய கை. சூடு பட்டால் கறை துணியோடு சேர்ந்து வெந்துவிடும், பிறகு எதற்கும் போகாது. கையில் ஆவி கொதித்துத் தயாராக நிற்கிறது, அதை அடிக்க முடியாது. விசையிலிருந்து விரலை எடுத்தேன். இயந்திரத்தை நிறுத்தினேன். அது டிக் டிக்கென்று ஆறும் சத்தம் மட்டும் கேட்டது.

வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்தேன். துணியை நனைத்து ஒற்றினேன். தேய்க்கவும் கூடாது, தேய்த்தால் பரவும். ஒற்ற வேண்டும், பிழிய வேண்டும், மறுபடி ஒற்ற வேண்டும். வேகமாகச் செய்ய எதுவுமே இல்லை. தண்ணீர் சிவந்தது, கொட்டினேன், மறுபடி பிடித்தேன். ஒவ்வொரு முறை ஒற்றும்போதும் அவள் உடம்பிலிருந்து போனது இவ்வளவா, இவ்வளவா என்று மனசு அளந்துகொண்டே இருந்தது. அளக்காதே என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். அங்கிள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே ஒரு டாக்சி நின்றது. அண்ணன் குனிந்து உள்ளே வந்தார்.

"போன எடுக்க மாட்டியா? எத்தனவாட்டி அடிக்கிறது? இங்கதான் இருப்பன்னு நெனச்சு வந்தேன்."

போன் பைக்குள் இருந்தது. பை காரின் பின்னால் இருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"சொல்லுங்க," என்றேன். "சொல்லுங்கண்ணே."

"கண்ணு முழிச்சிட்டா. தண்ணி கேட்டாளாம். மாப்ள பக்கத்துல இருக்காரு."

அங்கே கிடந்த ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து அழுதேன். கையில் ஈரத்துணி இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. அண்ணன் என்னை அழவிட்டுவிட்டுக் காரைப் பார்த்தார். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு முட்டி போட்டு உள்ளே கையை வைத்து அழுத்தினார். விரல்களுக்கு இடையே சிவந்த தண்ணீர் ஊறி வந்தது.

"பஞ்சுக்குள்ள போயிருச்சு. சீட்ட கழட்டிருவோம்."

அங்கிள் ஸ்பேனரோடு வந்தார். இருக்கையை இறக்கி வெளியே வைத்து, உறையை உரித்து, பஞ்சைப் பைப்புத் தண்ணீரில் அலசினோம். கம்பளத்தில் ரத்தம் முழுக்கப் போன பிறகுதான் ஆவியைப் போட்டோம். கதவு ஓரம், சீட்பெல்ட் பட்டை, கொக்கியின் இடுக்கு. இந்த முறை அண்ணன் ஸ்கிரீன் பக்கம் போகாதே என்று சொல்லவில்லை. குழாயை அவரே பிடித்தார், நான் துடைத்தேன். உறையில் மட்டும் லேசாக ஒரு பழுப்பு ஓரம் தங்கிவிட்டது. அடுத்த வாரமே அண்ணன் புது உறை தைத்துப் போட்டுவிட்டார்.

தங்கை வீடு திரும்பும் நாள் வந்தது. குழந்தை இன்னும் கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அண்ணன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சக்கர நாற்காலியிலிருந்து எழுந்த தங்கை அங்கேயே நின்றுவிட்டாள்.

"நான் டாக்சில வர்றேன்."

"ஏன்டி? எல்லாம் சுத்தமா இருக்கு. புது கவர்," என்றேன். "மோந்து பாரு, ஒரு வாடை கெடையாது."

"சுத்தமாத்தான் இருக்கும்க்கா. நீதான பண்ணியிருப்ப. என்னால ஏற முடியல. அவ்வளவுதான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த நேரத்தில் அது நியாயமான கோபம் மாதிரியும் இருந்தது. அண்ணன் கதவை மூடினார். மாப்பிள்ளை டாக்சி பிடித்தார். நானும் அண்ணனும் பைகளை ஏற்றிக்கொண்டு அந்த டாக்சிக்குப் பின்னாலேயே உட்லண்ட்ஸ்வரை போனோம். எக்ஸ்பிரஸ்வேயில் டாக்சி வேகம் எடுத்தால் இவரும் எடுப்பார். நடுவில் வேறு வண்டி நுழைந்தால் பதறிவிடுவார். "எங்க போனான், தெரியுதா பாரு" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

குழந்தை வருவதற்குள் அவள் வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இயந்திரத்தை அங்கே கொண்டுபோனேன். தொட்டில், மெத்தை, சன்னல் கம்பி என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தேன். தங்கை அறைக்குள் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாலை மாப்பிள்ளை பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துத் தினமும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார். உள்ளேயிருந்து அவள் கத்தினாள்.

"அக்கா, அத நிறுத்து! அந்தச் சத்தம் தாங்கல!"

நிறுத்தினேன். அறைக்குள் போனேன். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"அந்த ரோட்டுல முன்னாடி ஓடுனாரே ஒருத்தர், கீரைய ஆட்டிக்கிட்டு. எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. அவர் நின்னுட்டா நான் செத்துருவேன்னு நெனச்சுகிட்டே அதையே பாத்துகிட்டு இருந்தேன். அந்த சீட்டுல உக்காந்தா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதான் தெரியும்க்கா."

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் துடைத்ததெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால் புட்டியை மூடி அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

குழந்தையும் டாக்சியில்தான் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கும் அண்ணன் பின்னாலேயே ஓட்டினார்.

அதற்குப் பிறகு பல மாதம் கழித்து, தடுப்பூசி போடப் போகிற ஒரு நாள் காலையில் கொட்டுகொட்டென்று மழை. ஒரு டாக்சியும் கிடைக்கவில்லை. அண்ணன் காருடன் கீழே வந்து நின்றார், வா என்று கூப்பிடவில்லை, இன்ஜினை மட்டும் ஓடவிட்டிருந்தார். தங்கை கொஞ்ச நேரம் தூணோரமாக நின்று மழையைப் பார்த்தாள். பிறகு அவளே பின்கதவைத் திறந்து, குழந்தையை அதற்கான இருக்கையில் வைத்துக் கட்டி, பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினார்.

"அண்ணே," என்றாள் தங்கை பின்னாலிருந்து. "ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணுங்க. பிள்ளைக்குக் குளுருது."